நாலாம் நம்பர் போர்வை

எங்கள் தெருவில் சலவைக்கடைக் குடும்பத்துக்கு மட்டும் குளிரே கிடையாது என்று ஒரு பேச்சு உண்டு. முதலில் அதைக் கிளப்பியது யாரென்று தெரியாது. ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தது அவர்களேதான்.

ஏரியிலிருந்து பனி ஏறி வரும் மாதங்களில் தெருவே கம்பளிக்குள் சுருண்டு கிடக்கும். என் அப்பாவின் தையல் கடையில் கத்தரிக்கோலைத் தொட்டால் விரல் சுருக்கென்று பின்வாங்கும். அந்த நேரத்தில் எதிர்வீட்டு மாடி ஜன்னல் திறக்கும். அரைக்கைச் சட்டையோடு ஒரு பையன் எட்டிப் பார்ப்பான். அவன் பின்னால் அவன் அக்கா, மெல்லிய பருத்திப் பாவாடையில், ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டு நிற்பாள்.

"குளிரலையாடா?" என்று கீழிருந்து கேட்பேன்.

"எங்க குடும்பத்துக்கு ரத்தம் சூடு!" என்று ஊருக்கே கேட்கக் கத்துவான்.

கீழே கடை வாசலில் துணி மூட்டை பிரித்துக்கொண்டிருக்கும் அவர்கள் அப்பா அதைக் கேட்டு மீசைக்குள் சிரிப்பார். உள்ளே, புருவம் கருகிய பாய்லர்காரர் விறகு தள்ளத் தள்ள, பாய்லர் உறுமும். சோப்பு வாசனையும் நீராவியும் கதவிடுக்கு வழியாகத் தெருவுக்கு வரும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் அந்த இடத்தில் மட்டும் நடையைக் குறைப்பார்கள். நானும் குறைப்பேன். அங்கே நின்று கையைச் சூடாக்கிக்கொண்டு, அக்காவைக் கூட்டிக்கொண்டு போவேன்.

ஊருக்கே அவள் அக்கா. அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த எனக்கும் அவள் அக்காதான். சலவைக்கு வரும் துணிகளில் அழியாத மையால் அடையாளம் போடுவது அவள் வேலை. டாக்டர் வீட்டுக்கு முக்கோணம், தபால்காரருக்கு ஏணி, எங்கள் வீட்டுக்கு ஒரு ஊசி. அவர்கள் சொந்தத் துணிகளுக்கு ஒரு வட்டம், அதற்குள் இரண்டு புள்ளி. தெருவில் போகிறவன் சட்டைக் காலர் மடிந்திருந்தால், அவன் முகத்தைப் பார்க்காமலேயே யார் வீட்டுச் சட்டை என்று சொல்லிவிடுவாள்.

அப்புறம் அவள் கல்யாணமாகி வெயில் ஊருக்குப் போனாள். தம்பி ஊரின் அந்தக் கோடியில் புது ஃபிளாட்டுக்குப் போனான். அவர்கள் அம்மா போனார், அப்பா போனார், கடை மூடியது. பாய்லர் அணைந்து ஆறு வருஷம் வீடு பூட்டியே கிடந்தது. நான் மட்டும் எதிரில் அப்பாவின் மிஷினை மிதித்துக்கொண்டு அந்தப் பூட்டைப் பார்த்தபடி இருந்தேன்.

தன் வீட்டுக்காரர் காலமான மறு வருஷம் அக்கா ஒரு பெட்டியோடு திரும்பி வந்தாள். அப்போது நல்ல வெயில் காலம். ஜன்னல்களைத் திறந்தாள். ஏரி அப்படியே மாடிக்குள் வந்து உட்கார்ந்தது.

"ஏண்டி டெய்லர், சுத்திப் பார்க்க வர்றவங்க இந்த ஊர்ல தங்க இடமில்லாம அலையறாங்களாமே? இந்த மாடிய அவங்களுக்கு விட்டா என்ன?"

தம்பிக்கு அதில் இஷ்டமில்லை. கார் ஷெட் கட்ட இடம் தேடிக்கொண்டிருந்த ஒருவர் அவனிடம் ஏற்கெனவே பேசி வைத்திருந்தார். அவன் வாசலில் நின்றபடியே சொன்னான், உள்ளே வந்தால் மனசு இளகிவிடும் என்று பயந்தவன் மாதிரி.

"அக்கா, இந்தப் பனிக்காலம் பார்ப்போம். ஆளுங்க வந்து தங்கி, நெட்ல நல்லபடியா எழுதிட்டுப் போனா வீடு இருக்கட்டும். முதல் பார்ட்டியே மூஞ்சியச் சுளிச்சா கொடுத்துடுவேன். அப்புறம் நீ அழக் கூடாது."

"நான் எதுக்குடா அழணும்? நீதான் சின்ன வயசுலேர்ந்து அழுமூஞ்சி."

சொல்லிவிட்டாளே தவிர, பெட்டியோடு வந்தவளுக்குத் திரும்பிப் போக வேறு வீடு கிடையாது என்பது எனக்குத் தெரியும்.

சுவருக்கு வெள்ளையடித்தார்கள். கட்டில் வந்தது. ஜன்னலுக்குக் கனமான திரைகள் நான் தைத்தேன். மிச்சம் போர்வைதான். மெத்தைக் கடைக்கு அக்கா, தம்பி, அவன் மனைவி மூவரும் கிளம்பினார்கள். உறை தைப்பதற்கு அளவு எடுக்க என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள்.

கடைக்காரர் ஒல்லியான மனிதர். போர்வையைத் தொடுவதே நோயாளியின் நாடியைப் பார்ப்பதுபோல இருந்தது. மூன்று பஞ்சுப் போர்வைகளை மேஜையில் விரித்தார்.

"இது நாலாம் நம்பர், கோடைக்கு. இது ஒன்பது, நடுவாந்திரம். இது பதிமூணு, பனிக்கு. நம்பர் ஏற ஏற சூடு ஏறும். வீட்ல ஹீட்டர் என்ன மாதிரி?"

"ஹீட்டரா? எதுக்கு?" என்றாள் அக்கா.

கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏரிக்கரை வீடு. மாடி. ஹீட்டர் கிடையாது. அப்போ பதிமூணுதான்மா."

"எங்க மாடியப் பத்தி உங்களுக்குத் தெரியாது. ஏரி உறைஞ்சு போன வருஷம்கூட நாங்க ஒத்தைத் துப்பட்டிதான் போர்த்தினோம்."

"அது நெசம்தாங்க," என்றான் தம்பி. "எங்க குடும்பத்துக்கு ரத்தம் சூடு."

"தங்க வர்றவங்க உங்க குடும்பமா சார்?"

தம்பி மனைவி குறுக்கே புகுந்தாள். "இல்லீங்க, வீடே சூடுதான். நான் வெளியிலேர்ந்து வந்தவ, நான் சொல்றேன். கல்யாணமான புதுசுல அந்த மாடியில ரெண்டு மாசம் இருந்தேன். நடுப் பனியில வேர்த்து ஊத்தும். அதனாலதானே தனி வீடு பார்க்கச் சொன்னேன்."

தம்பி திரும்பிப் பார்த்தான். "அதனாலயா சொன்னே?"

"அதனாலயும்தான்."

அக்கா அதற்குள் போர்வைகளின் ஓரத்தைப் புரட்டித் தையலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சலவைக்காரி கண். பஞ்சைக் கசக்கினாள், மூலையைப் பிடித்து உதறினாள், பதிமூன்றைத் தூக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"இதைத் துவைச்சா காயறதுக்கு மூணு நாள் ஆகும். அதுக்குள்ள அடுத்த பார்ட்டி வந்து நிக்கும். பஞ்சும் ஒரு பக்கமாத் திரண்டுக்கும்."

"அம்மா, போர்வை துவைக்கறதுக்கு இல்ல. போர்த்திக்கறதுக்கு."

"துவைக்காத போர்வைய எவன் போர்த்திப்பான்?"

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நீயாவது சொல்லேன் என்பது அந்தப் பார்வை. நான் என்னத்தைச் சொல்ல? சின்ன வயசில் அந்த மாடியில் அக்காவோடு படித்திருக்கிறேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தால் முதுகு இதமாக இருக்கும், தூக்கம் தூக்கமாக வரும். "சூடான வீடுதாங்க," என்று நானும் ஒரு கையெழுத்துப் போட்டேன்.

வாங்கியது நாலாம் நம்பர், நான்கு போர்வை. எனக்குத் தெரிந்து அந்த வீட்டு நாத்தனாரும் தம்பி மனைவியும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை. அதுவும் தப்பாகப் போனது.

வெள்ளை உறை தைத்துக் கொடுத்தேன். ஒவ்வொன்றின் மூலையிலும் அக்கா மை தொட்டு வட்டம் போட்டு இரண்டு புள்ளி வைத்தாள். பழைய மாதிரியே அச்சாக வந்தது.

பனி அந்த வருஷம் சீக்கிரமே இறங்கியது. ஒரு காலையில் டீ டம்ளரோடு என் கடைக்கு வந்தவளைப் பார்த்தேன். சால்வைக்கு மேல் சால்வை. காலில் சாக்ஸ், அதற்கு மேல் இன்னொரு சாக்ஸ்.

"என்னடி இது கோலம்?"

அவள் கதவைச் சாத்திவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "மாடியில ஒரு ராத்திரி படுத்துப் பார்த்தேன். பல்லு தந்தி அடிச்சுது. கீழ அடுப்புப் பக்கத்துல வந்து உக்காந்துதான் விடிஞ்சுது."

"அப்போ போர்வைய மாத்திடேன்."

"போர்வை என்னடி பண்ணும்? எனக்கு வயசாயிடுச்சு. வெயில் ஊர்ல இருந்து இருந்து ரத்தம் சுண்டிப்போச்சு." டம்ளரை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். "தம்பிகிட்ட சொல்லிடாதே. எங்கப்பா பொண்ணு குளிருதுன்னு சொன்னாளாம்னு ஆகிடும்."

நானும் சொல்லவில்லை. இன்று நினைத்தாலும் என்னையே ஒரு குட்டு வைத்துக்கொள்ளத் தோன்றுகிறது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் முதல் பார்ட்டி வந்து இறங்கியது. கணவன், மனைவி, ஐந்து வயதில் ஒரு பெண் குழந்தை. அக்கா சூடாக சூப்பும் அவித்த முட்டையும் ரொட்டியும் கொடுத்து மாடிக்கு அனுப்பினாள். குழந்தை ஜன்னல் வழியாக ஏரியைப் பார்த்துக் கை தட்டியது என் கடை வரைக்கும் கேட்டது. அக்கா கீழிருந்து எனக்குக் கட்டை விரலைக் காட்டினாள்.

மறுநாள் காலை கடையைத் திறக்கும்போது எதிரே பார்த்தால் மாடி ஜன்னல் மொட்டையாக இருந்தது. நான் தைத்த திரைகளைக் காணோம்.

திரைகள் அவர்கள் மேல் இருந்தன. ஆறு ஜன்னல் திரையையும் கழற்றி, தரைவிரிப்பையும் சேர்த்துப் போர்த்திக்கொண்டு மூன்று பேரும் ஒரே கட்டிலில் படுத்திருக்கிறார்கள். பத்து மணிக்குப் பெட்டியோடு கீழே வந்தார்கள். இரண்டு நாள் தங்க வந்தவர்கள்.

அந்த மனிதர் தன்மையானவர். "வீடு ரொம்ப அழகும்மா. உங்க சூப் மாதிரி நான் சாப்பிட்டதில்ல. ஆனா பாப்பாவுக்கு உதடெல்லாம் நீலமாயிடுச்சு. தப்பா எடுத்துக்காதீங்க."

அக்கா அந்தக் குழந்தையின் கையைப் பிடித்துத் தன் கைக்குள் வைத்துத் தேய்த்தாள். கார் போன பிறகும் வாசலிலேயே நின்றாள்.

மத்தியானம் தம்பி வந்துவிட்டான். கையில் ஃபோன்.

"எழுதிட்டாங்க, கேளு. 'வீடு அழகு. அம்மா அன்பானவர். திரைச்சீலை கதகதப்பாக இருந்தது.' திரைச்சீலை கதகதப்பாம்! ஆபீஸ்ல இதைப் படிச்சுட்டு ஒருத்தன் என்னைக் கேக்கறான், ஜன்னலுக்குப் போர்வை போட்டிருக்கீங்களா சார்னு!"

"அவங்க வெளியூர்க்காரங்கடா. பழக்கமில்ல," என்றாள் அக்கா. குரலில் உயிரில்லை.

"போதும்க்கா. சொன்னேன்ல? திங்கக்கிழமை பாய்லரைக் கழட்ட ஆள் வருது. வியாழக்கிழமை ஷெட்காரர் வரார். நீ எங்க வீட்டுக்கு வந்துடு. ஒரு ரூம் இருக்கு."

"உன் வீட்ல எனக்கு என்னடா வேலை?"

"இந்த வீட்ல மட்டும் என்ன வேலை?"

அவன் கோபத்தில் சொன்னதுதான். ஆனாலும் அக்கா எழுந்து உள்ளே போய், கழற்றிப் போட்ட திரைகளை ஒவ்வொன்றாக மடிக்க ஆரம்பித்தாள். ஓரத்தோடு ஓரம் சேர்த்து, நீவி நீவி, இல்லாத சுருக்கத்தையெல்லாம் எடுத்தாள்.

திங்கட்கிழமை வந்தவர் பழைய பாய்லர்காரரேதான். கடை மூடின பிறகு குழாய் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தார். புருவம் கருகிப் போனது போனதுதான், திரும்ப முளைக்கவில்லை. கீழே பாய்லரைச் சுற்றி வந்து, அதன் வயிற்றில் இரண்டு தட்டுத் தட்டினார், பழைய மாட்டைத் தட்டுவது மாதிரி. பிறகு, "மேல குழாய் எங்கெங்க போகுதுன்னு பார்த்துட்டு வந்துடறேன்" என்று மாடி ஏறினார். நாங்களும் பின்னால் போனோம்.

பெரிய அறைக்குள் நுழைந்தவர் கட்டிலுக்குப் பின்னால் இருந்த சுவரில் உள்ளங்கையை வைத்தார். சட்டென்று எடுத்துவிட்டார்.

"அட, சுவரு செத்துப்போச்சே!"

"சுவர் எப்படிண்ணே சாகும்?" என்றான் தம்பி.

"இதுக்குள்ளதானே குழாய் ஓடுது? பாய்லர்லேர்ந்து மிச்ச ஆவி இந்தச் சுவருக்குள்ள ஏறி, நாலு சுத்துச் சுத்தி, அப்புறம்தான் கூரைக்குப் போகும். உங்களுக்குத் தெரியாதா?"

அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கூரைக்குப் போற குழாய்க்கு சுவருக்குள்ள என்ன வேலை?" என்றான் தம்பி.

"முதலாளி வச்சது. உங்க அம்மா வெயில் ஊர்லேர்ந்து கட்டிக்கிட்டு வந்தவங்க இல்லையா? வந்த முதல் பனியிலயே விரலெல்லாம் வெடிச்சு ரத்தம். என்னைக் கொண்டுபோய் எங்க வீட்ல விட்டுடுங்கன்னு ஒரே அழுகை. உங்க தாத்தாவோ, மாடிக்கு ஒரு கட்டை விறகு தர மாட்டாரு. முதலாளி என்ன பண்ணாரு? வெள்ளையடிக்கறேன்னு சொல்லி அறையைப் பூட்டி, நானும் அவரும் சேர்ந்து சுவரை இடிச்சுக் குழாயை விட்டுப் பூசிட்டோம்."

"அது சரி, பாய்லர் ஓடுற நாள்ல சூடு. ஞாயித்துக்கிழமை கடை லீவாச்சே?" என்று நான் கேட்டேன்.

"லீவுதான். எனக்கு ஏது லீவு?"

"அது எனக்குத் தெரியும்," என்றாள் அக்கா. "ஒரு நாள் ஆறினாலும் குழாய் துருப்பிடிச்சிடும், அதனால ஞாயித்துக்கிழமையும் கொஞ்சம் பத்த வைக்கணும்னு அப்பா சொல்வாரு."

பாய்லர்காரர் சிரித்தார். "ஒரு நாள்ல எந்தக் குழாய்ம்மா துருப்பிடிக்கும்? அது உங்க தாத்தாவுக்குச் சொன்ன கதை. மாடியில ஏன் யாரும் கம்பளி கேக்கறதில்லன்னு பெரியவர் ஒரு நாள் கேட்டாரு. முதலாளி வாய்க்கு வந்ததைச் சொன்னாரு, 'எங்களுக்கு ரத்தம் சூடு'ன்னு. உங்க தாத்தா அதை ஊரெல்லாம் பெருமையாச் சொல்லிட்டுத் திரிஞ்சாரு. அப்புறம் மாத்த முடியல."

தம்பி போய் அந்தச் சுவரின் மேல் கையை வைத்தான். சின்ன வயசில் அந்தச் சுவர் ஓரத்து இடத்துக்காக இருவரும் மண்டையை உடைத்துக்கொண்டது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

"அம்மாவுக்குத் தெரியுமா?" என்றான்.

"தெரியாமலா? ஞாயித்துக்கிழமை தவறாம என்னை உக்கார வச்சு, பக்கத்துல நின்னு சாப்பாடு போட்டது யாரு?"

அக்கா சுவருக்குப் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்தாள். "அப்போ எனக்கு வயசாகலையாடி?" என்று என்னைக் கேட்டாள்.

"வயசாச்சு. ஆனா குளிர்றது அதனால இல்ல."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே சால்வை நுனியால் கண்ணைத் துடைத்தாள். தம்பி திரும்பினான். "உனக்கும் குளிருச்சா?"

"பல்லு தந்தி அடிச்சுதுடா."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"உன்கிட்டயா? நீ சிரிப்பேன்னு பயந்துட்டேன்."

தம்பி பாய்லர்காரரிடம், "மத்தியானத்துக்கு மேல கழட்டிக்கலாம்ணே. முதல்ல சாப்பிடுங்க," என்றான். அக்கா உருளைக்கிழங்கு அவித்து வெண்ணெய் போட்டாள். பாய்லர்காரரை உட்கார வைத்துப் பக்கத்தில் நின்று பரிமாறினாள்.

இதற்கிடையில் நான் மெத்தைக் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் என்னைப் பார்த்ததும் ஒன்பதையும் பதிமூன்றையும் எடுத்து மேஜையில் வைத்துவிட்டார். "திரைச்சீலைக் கதை எனக்கும் வந்துடுச்சும்மா. கொண்டுபோய்ப் படுத்துப் பார்த்துட்டுச் சொல்லுங்க."

சாப்பாட்டுக்குப் பிறகு மாடியில் பரீட்சை நடந்தது. ஏரியைப் பனி முழுங்கிவிட்டிருந்தது. ஜன்னல் கண்ணாடியில் நீர் கோத்து நின்றது. தம்பி விறைப்பாகச் சொன்னான்:

"எனக்கு நாலே போதும். அப்பா பேரைக் காப்பாத்தணும்ல."

"படு, படு. பேரைக் காப்பாத்து," என்றாள் அக்கா.

சுவர் பக்கம் திரும்பிப் படுத்தவன் ஐந்து நிமிஷத்தில் தூங்கிவிட்டான். பத்தாவது நிமிஷம் முழங்கால் நெஞ்சுக்கு வந்தது. அக்கா பதிமூன்றை எடுத்தாள். எடை பார்த்தாள். தலையை ஆட்டிக் கீழே வைத்தாள். ஒன்பதை எடுத்து, அவன் போர்த்தியிருந்த நாலுக்கு மேல் மெல்லப் போட்டு, கழுத்தோரம் சொருகினாள். முழங்கால் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டது. நாங்கள் இருவரும் எதிர்க் கட்டிலில் பதிமூன்றுக்குள் காலை நுழைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக் கதை பேசினோம். அரை மணியில் அக்கா காலை வெளியே நீட்டினாள். "வேர்க்குதுடி. இது எல்லாருக்கும் ஆகாது."

கீழே பாய்லர்காரர் ஸ்பேனரால் தட்டுகிற சத்தம் கேட்டு தம்பி விழித்தான். மேலே கிடப்பதைத் தடவிப் பார்த்தான்.

"இது எத்தனாம் நம்பர்?"

"நாலும் ஒன்பதும்."

"நீயா போட்டே?"

"பின்னே, பாய்லரா?"

அவன் எழுந்திருக்கவில்லை. போர்வைக்குள்ளிருந்தே கையை நீட்டிச் சட்டைப்பையிலிருந்த ஃபோனை எடுத்தான்.

"சார், நான்தான். வியாழக்கிழமை வர வேண்டாம்... இல்லீங்க, விலையெல்லாம் இல்ல." சுவரைப் பார்த்தான். "வீட்ல ஆள் இருக்காங்க."

ஃபோனை வைத்துவிட்டுக் கீழ்நோக்கிக் கத்தினான். "அண்ணே, கழட்டாதீங்க!"

"பாதி கழட்டிட்டேனே!"

"திரும்ப மாட்டுங்க!"

கடை இல்லாமல் விறகு பாய்லரைத் திரும்ப எரித்துக் கட்டுப்படியாகாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அது தன் இடத்தில் நிற்கிறது. பதிமூன்றைத் திருப்பிக் கொடுத்தோம். அதற்குப் பதில் ஒன்பதாம் நம்பரில் நான்கு வாங்கினோம். நாலுக்கும் ஒன்பதுக்கும் ஓரத்தில் பொத்தானும் காதும் வைத்துத் தைத்துக் கொடுத்தேன். சேர்த்துப் பூட்டினால் பதிமூன்று. பிரித்தால் வேண்டியவர்களுக்கு வேண்டியது. "துவைக்கும்போது தனித்தனியாத் துவைக்கலாம், ஒரே வெயில்ல காஞ்சிடும்," என்று அக்காவுக்கு அதில்தான் பெரிய திருப்தி. கடைக்காரர் அந்த யோசனை தன்னுடையது என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். சொல்லிவிட்டுப் போகட்டும்.

மாடிக் கதவுக்குப் பின்னால் ஒரு அட்டை தொங்குகிறது. அழியாத மையில் அக்காவின் கையெழுத்து: 'இந்த மாடி குளிரும். அலமாரியில் இன்னொரு போர்வை இருக்கிறது. கூச்சப்படாமல் எடுத்துக்கொள்ளவும்.' கீழே வட்டமும் இரண்டு புள்ளியும்.

போன வாரம் ஒரு வயதான தம்பதி வந்திருந்தார்கள். சாவி கொடுக்கத் தம்பிதான் மேலே போனான். இப்போதெல்லாம் சனிக்கிழமை தவறாமல் வந்துவிடுகிறான். நான் உறை மாற்றிக்கொண்டிருந்தேன். அந்த அம்மாள் அட்டையைப் படித்துவிட்டு, ஸ்வெட்டருக்குள் கையை விட்டுக்கொண்டு நின்றவனிடம் கேட்டார்:

"இந்த வீட்டுலயே பொறந்து வளர்ந்தவங்களாமே நீங்க? உங்களுக்கெல்லாம் குளிராதோ?"

பழைய பதில் வாய் வரைக்கும் வந்துவிட்டது என்று நினைக்கிறேன். மோவாய் அதே மாதிரி உயர்ந்தது. பிறகு அவன் கட்டிலுக்குப் பின்னாலிருந்த சுவரைப் பார்த்தான்.

"எங்கம்மாவுக்குக் குளிருங்க," என்றான்.